நடக்கமாட்டார் என்று எழுதி வாங்கினோம்

ஒரு தண்ணீர்ப் பம்பை வாங்கப் போய்த்தான் நாங்கள் கடன்காரர்கள் ஆனோம்.

இரத்தினபுரிப் பக்கம், கஹவத்தைக்கு மேலே இருந்த ஒரு தோட்டத்தில் நானும் என் வீட்டுக்காரரும் ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்தோம். இரண்டு பேர் சம்பளம், ஒரே ஒரு பெண் பிள்ளை. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் எங்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டவர்கள்கூட உண்டு. நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவள் என்பதால், மற்ற வீடுகளுக்கு வரும் கடிதங்களை வாசித்துச் சொல்வதும் என் வேலையாக இருந்தது. கடன் என்பது அடுத்த வீட்டுக்காரர்களுக்கு வரும் வியாதி என்று நான் நினைத்திருந்த காலம் அது.

தோட்டத்து எல்லைக்கு அப்பால், ஓடையை ஒட்டிய வயலில் மாணிக்கக் கல் தோண்டினார்கள். அந்தக் குழியைச் சிங்களத்தில் சொல்வதுபோல நாங்களும் ‘பத்தல’ என்றுதான் சொல்வோம். காலையில் பால் வெட்டி முடித்துவிட்டுப் பின்னேரங்களில் என் வீட்டுக்காரர் அங்கே மண் அள்ளப் போவார். குழிக்குள் ஊறும் தண்ணீரை இறைக்க முடியாமல் அவர்கள் திண்டாடினார்கள். யார் ஒரு பம்ப் கொண்டுவந்து போடுகிறாரோ அவருக்கு ஒரு பங்கு என்று நிலத்துக்காரர் சொன்னார். ஒரே ஒரு கல் கிடைத்தால் போதும், லயத்தை விட்டுப் போய்விடலாம் என்று என் வீட்டுக்காரர் கணக்குப் போட்டார். நானும் போட்டேன். அவர் மட்டும் ஆசைப்பட்டார் என்று சொன்னால் அது பொய்.

கீழ்க் கிராமத்தில் வட்டிக்குக் கொடுக்கும் ஒரு சிங்களப் பெண் இருந்தார். புருஷன் செத்துப்போனவர். ஒரே மகன் பட்டாளத்தில் இருந்தான். அவன் அனுப்பும் சம்பளத்தைத்தான் அவர் வட்டிக்கு விட்டார். சிங்களத்தில் வட்டிக்குப் பொலி என்று பேர். அதனால் முதுகுக்குப் பின்னால் எல்லாரும் அவரைப் பொலி நோனா, அதாவது வட்டி அம்மா, என்பார்கள். அவரிடம் போய்ப் பதினையாயிரம் ரூபா வாங்கினோம். நூற்றுக்கு ஐந்து, மாதா மாதம். போதாததற்கு என் தோட்டை அடகு வைத்தோம்.

நாலு மாதம் தோண்டினார்கள். களிமண்ணும் கூழாங்கல்லும்தான் வந்தன. ஒரு நாள் மழைக்குப் பிறகு குழியின் பக்கச் சட்டம் சரிந்து, மண்ணும் மரமுமாக என் வீட்டுக்காரர்மேல் விழுந்தது. அவரை வெளியே எடுத்தபோது அவருக்கு நினைவு இருந்தது. “பம்ப், பம்ப்” என்றுதான் சொன்னாராம். இடுப்பெலும்பு உடைந்திருந்தது. இடது கால் பேச்சுக் கேட்கவில்லை.

அது அரசாங்க லைசன் இல்லாத குழி. அதனால் நட்டஈடு கேட்க யாருக்கும் வாயில்லை. நிலத்துக்காரர் ஒரு முறை ஒரு பை பழத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். அதற்குப் பிறகு வரவில்லை. பம்பை மண்ணிலிருந்து தோண்டி எடுத்தபோது அது பழைய இரும்பு விலைக்குக்கூடப் போகவில்லை. இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்துவிட்டு, கக்கத்தில் வைக்கும் இரண்டு கட்டைகளோடு அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். தோட்டத்துச் செக்ரோலில், அதாவது வேலையாட்கள் பதிவில், அதற்குள் அவருடைய பேரை வெட்டிவிட்டிருந்தார்கள்.

அப்படித்தான் என் ஒரு கை வருமானத்தில் குடும்பம் வந்து நின்றது.

பால் வெட்டுக்கு மழை எதிரி. விடியற்காலையில் மரப்பட்டை ஈரமாக இருந்தால் வெட்ட விடமாட்டார்கள். பால் வழிந்து வீணாகிவிடும். எங்கள் பக்கத்து மழையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. வைகாசியில் பிடித்தால் ஆனி முடிந்தும் விடாது. மழை நாளில் சில பேரைப் புல் வெட்ட அனுப்புவார்கள். மற்றவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வெட்டிய நாளிலும் பால் குறைந்தால் அரைப்பேர்தான், அரை நாள் சம்பளம். எனவே மாதக் கடைசியில் என்ன வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. என்ன போகும் என்பதை மட்டும் அச்சாகச் சொல்லலாம்.

தோட்டம் ஏற்கெனவே கொடுத்த அரிசிக்கும் மாவுக்கும் பிடித்துக்கொள்ளும். சங்கத்துக்கும் கோயிலுக்கும் மரண உதவிக்கும் பிடிக்கும். மிச்சம் கைக்கு வரும்போது அதில் பாதி பொலி நோனாவுக்கு. அதைக் கொடுக்காமல் நான் வீட்டுக்கு வந்ததே இல்லை. சம்பளத்தை வாங்கி, ஆபீஸ் வாசலிலிருந்து நேராகக் கீழே இறங்கி, வட்டியைக் கொடுத்துவிட்டுத்தான் மேலே ஏறுவேன். வழியில் கடை இருந்தது. கையில் காசோடு அந்தக் கடையைத் தாண்டிப் போவதும், காசில்லாமல் அதே கடைக்குத் திரும்பி வந்து கடனுக்குச் சாமான் கேட்பதும் ஒரே நாளில் நடக்கும்.

கடைக்காரர் பாதித் தேங்காய் விற்பார். நான் கால் தேங்காய் கேட்டேன். முதல் முறை அவர் சிரித்தார். பிறகு சிரிக்காமலே உடைத்துக் கொடுத்தார். பால்மாவை நிறுத்தினோம். துணி துவைக்கும் சவுக்காரத்தை நூலால் இரண்டாக அறுத்து, ஒரு பாதியை ஒளித்துவைப்பேன். கண்ணில் பட்டால் கரைந்துவிடும் என்று ஒரு பயம். நெத்தலி வாங்கினால் மகளுக்கும் அவருக்கும். எனக்கு அந்தச் சட்டியில் ரொட்டியைத் துடைத்தால் போதும். அதைத் தியாகம் என்று நினைத்துச் செய்யவில்லை. பால் வெட்டுகிற கைக்குச் சோறு வேண்டும் என்று அவரே பல நாள் சண்டை போட்டார். “நீ விழுந்தா மூணு பேரும் விழுந்தோம், தின்னு புள்ள” என்று தன் தட்டை என் பக்கம் தள்ளுவார். நான் திருப்பித் தள்ளுவேன். நடுவில் மகள் தலையைக் குனிந்துகொண்டு தன் பங்கைச் சாப்பிடுவாள்.

பதினையாயிரம் பதினையாயிரமாகவே நின்றது. அதுதான் என்னை உள்ளுக்குள் தின்றது. நான் கொடுத்துக்கொண்டே இருந்தேன். முதல் தொகையில் ஒரு ரூபாகூடக் குறையவில்லை. தோடும் தவணை தப்பி மூழ்கிப்போனது. ஒரு மத்தியானம் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு வரும்போது ஓடைப் பாலத்தில் நின்றுவிட்டேன். மழைத் தண்ணீர் செம்மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. வீட்டில் மாவு பிசைந்து மூடி வைத்திருப்பது நினைவுக்கு வந்தது. புளித்துவிடும், வேறு மாவு இல்லை என்று தோன்றியது. அந்த நினைப்பில்தான் நடந்தேன்.

வழி ஒன்று இருந்தது. அதைத் தோட்டத்து ஆபீசில் பெரிய கிளாக்கர்தான் ஒரு சம்பள நாளில் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்.

“ஒன் புருஷன் பதினேழு வருஷம் வேல செஞ்சிருக்காரு. சம்பளத்துல மாசா மாசம் பிடிச்ச ஈ.பி.எப். காசு அப்படியே கெடக்கு. வயசு வர்ற வரைக்கும் எடுக்க ஏலாது. ஆனா இனி வேல செய்யவே முடியாதுன்னு டாக்டர் எழுதிக் குடுத்தா எடுக்கலாம்.”

நான் ஓட்டமாக வீட்டுக்கு வந்தேன். அவர் இஸ்தோப்பில், லயத்து முன் திண்டில், கூரைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நடை பழகிக்கொண்டிருந்தார். தினமும் அதுதான் அவருக்கு வேலை. ஒரு கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரைக்கும் போய், வியர்த்து ஊற்ற, திரும்பி வருவார். நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் கம்பத்தை விடவில்லை.

“நடக்கமாட்டேன்னு நானே எழுதிக் குடுக்கணுமா?”

“காசு வருங்க. கடன் அடையும்.”

“அடுத்த வருஷம் நான் மரத்துக்குப் போவேன். எழுதிக் குடுத்தா அப்பறம் எந்தத் தொர என்னை வேலைக்கு எடுப்பான்? நான் செத்துட்டேன்னு எழுதிக் குடு, அதுக்கும் காசு வரும்.”

அதற்கு மேல் பேசினால் அவர் சாப்பிடமாட்டார். நான் விட்டுவிட்டேன். அவருக்கு இருந்தது அந்த ஒரு நம்பிக்கைதான். அதைப் பிடுங்க எனக்கு மனசு வரவில்லை. ஆனால் ஒவ்வொரு சம்பள நாளிலும் கீழே இறங்கும்போது அவர்மேல் எனக்கு ஆத்திரம் வந்தது. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அந்த நிலைமையில் பொலி நோனாவின் மகன் வடக்கில் சண்டையில் இறந்துபோனான்.

கிராமத்துப் பாதை முழுக்க வெள்ளைக் கொடி கட்டியிருந்தார்கள். லயத்தில் எங்கள் ஆட்கள் போக வேண்டாம் என்றார்கள். காலம் அப்படி. இந்தப் பக்கத்தில் தமிழர்கள் நாங்கள் கொஞ்சப் பேர். யாராவது குடித்துவிட்டு ஒரு வார்த்தை சொன்னால் போதும். “கடங்காரி வேற, காசு குடுக்காம தப்பலாம்னு சந்தோசமா வந்தியான்னு கேப்பாங்க” என்றாள் பக்கத்து வீட்டு அக்கா. நான் ஒரு கிலோ சீனியைக் கடனுக்கு வாங்கிக்கொண்டு போனேன். மாதா மாதம் அவர் வாசலில் நின்றவள், அன்றைக்குப் போகாமல் இருப்பது எப்படி?

பெட்டி மூடியிருந்தது. மேலே கொடியும் தொப்பியும் வைத்திருந்தார்கள். முற்றத்தில் இருந்த ஆண்கள் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். ஒருத்தர் ஏதோ முணுமுணுத்தார். தமிழரைச் சொல்லும் ‘தெமல’ என்ற சொல் மட்டும் என் காதில் விழுந்தது. நான் சீனியை ஒரு மூலையில் வைத்துவிட்டுத் திரும்பிப் போகப் பார்த்தேன். அதற்குள் நோனா என்னைக் கண்டுவிட்டார். எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “நங்கி, பொட்டியத் தொறக்க விடல. என் புள்ளயோட மொகத்த நான் பாக்கல” என்று சிங்களத்தில் அழுதார். தங்கச்சி என்பதைத்தான் நங்கி என்றார். நானும் அழுதேன். யாருக்காக என்று பிரித்துச் சொல்ல முடியாத அழுகை.

சில வாரம் கழித்து வட்டியோடு போனபோது அவர் என்னை உட்காரச் சொன்னார். முதல் தடவையாக உட்காரச் சொன்னதால் எனக்குப் பயம் வந்தது.

“நங்கி, மகனோட மூணு மாச தானம் வருது. அந்தப் பொட்டிக்குள்ள என்ன இருந்திச்சின்னே எனக்குத் தெரியாது. தானத்தயாவது ஒழுங்கா குடுக்கணும். சாதுமாரக் கூப்பிடணும், ஊருக்குச் சாப்பாடு போடணும். எனக்கு முழுக் காசும் வேணும்.”

“நோனா, முழுக் காசுக்கு நான் எங்க போவேன்?”

அவர், கொழும்பில் இருக்கும் தன் தங்கச்சி வீட்டுக்கு ஒரு பெண் பிள்ளை தேவைப்படுவதாகச் சொன்னார். கூட்டிப் பெருக்க, குழந்தையைப் பார்த்துக்கொள்ள. என் மகளை அனுப்பினால் தங்கச்சியே பதினையாயிரத்தையும் முன்பணமாகத் தந்துவிடுவாள்; மகளுடைய சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துக்கொள்ளலாம். “நல்ல வீடு. அடிக்கமாட்டாங்க” என்றார். அவர் அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எங்கள் தோட்டத்திலிருந்து அப்படிப் போன பிள்ளைகள் பல பேர் இருந்தார்கள்.

“யோசிச்சி சொல்றேன் நோனா” என்றேன். மேடு ஏறி வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் யோசித்து முடித்துவிட்டேன். அனுப்புவது என்றுதான் முடிவு.

மகள் பின்வாசலில் பொன்னாங்காணி ஆய்ந்துகொண்டிருந்தாள். பன்னிரண்டு வயது. பக்கத்தில் உட்கார்ந்து நானும் கீரையைக் கையில் எடுத்தேன். கொழும்பில் ஒரு வீடு இருக்கிறது, அங்கே ஒரு சின்னப் பாப்பா இருக்கிறது, கொஞ்ச நாள் போய் இருந்துவிட்டு வரலாம் என்று கதை மாதிரிச் சொல்லப் பார்த்தேன். அவள் ஏற்கெனவே புரிந்துகொண்டவளாய்க் கேட்டாள்.

“அங்க மூணு நேரமும் சோறு குடுப்பாங்களாம்மா?”

நான் பழுத்த இலைகளைப் பொறுக்கிப் போட்டேன்.

“அப்பாவுக்கு என் பங்கும் இருக்கும்ல” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “என் ஸ்கூல் பேக்க யாருக்கும் குடுத்துறாதீங்கம்மா” என்றாள். அழவே இல்லை. கீரைத் தண்டுகளை ஒரே அளவாக முறித்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

லயக் காம்பிரா என்ற அந்தச் சின்ன அறைக்குப் பலகைச் சுவர்தான். உள்ளே படுத்திருந்த அவர் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். மறுநாள் காலை நான் வேலைக்குக் கிளம்பும்போது பார்த்தால், முகம் சவரம் செய்து, கல்யாணத்துக்கும் சாவுக்கும் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

“இன்னைக்கி வேலைக்குப் போவாத. என்னை ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போ.”

அந்தப் பாதையில் படிகளும் வழுக்குப் பாறையும் உண்டு. லயத்து ஆட்கள் இரண்டு பேர் அவரைத் தூக்காத குறையாகக் கொண்டுவந்து சேர்த்தார்கள். பெரிய கிளாக்கர் தாளை நிரப்பிவிட்டு, அவருக்கு விளங்க வேண்டும் என்பதற்காகத் தமிழில் வாசித்தார். நிரந்தரமாக அங்கவீனமானவர், எந்த வேலையும் செய்ய இயலாதவர் என்று இருந்தது. என் வீட்டுக்காரர் பேனாவை வாங்கி, கையெழுத்தை மெதுவாக, எழுத்து எழுத்தாகப் போட்டார். முடித்ததும் கிளாக்கரிடம், “என் பேருக்கு முன்னால தொழிலாளின்னு எழுதியிருக்கீங்களே, அதையும் வெட்டிருங்க” என்றார். கிளாக்கர் வெட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

காசு வர எத்தனை மாதம் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. முதலில் இரத்தினபுரியில் டாக்டர்களிடம் காட்ட வேண்டும். அவர்கள் எழுதிக் கொடுக்க வேண்டும். பிறகு கொழும்புக்குப் போக வேண்டும். நான் நோனாவிடம் போய் உள்ளதைச் சொன்னேன். மகளை அனுப்ப முடியாது என்றும் சொன்னேன். உள்ளே போய்விடுவாரோ, சத்தம் போடுவாரோ என்று நின்றேன்.

“எத்தன மாசம்?”

“தெரியாது நோனா.”

“பொலிய நிப்பாட்டக் கூடாது.”

“நிப்பாட்டமாட்டேன்.”

தானத்தை அவர் சின்னதாகச் செய்தார். ஊருக்கெல்லாம் சாப்பாடு போடவில்லை. அன்றைக்கு நான் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு அவர் வீட்டுக் குசினியில் காலையிலிருந்து தேங்காய் துருவினேன். அத்தனை தேங்காயை ஒன்றாகப் பார்த்து எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. சாயங்காலம் வாழையிலையில் சோறும் கறியும் கட்டித் தந்தார். என் மகள் அதைப் பிரித்து, பலாக்காய்க் கறியின் வாசனையைக் கண்ணை மூடிக்கொண்டு இழுத்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

டாக்டரிடம் காட்டும் நாள் வந்தபோது பஸ்ஸுக்கும் முச்சக்கர வண்டிக்கும் காசு வேண்டியிருந்தது. கடன் அடைக்கும் காசை வாங்குவதற்கு இன்னொரு கடன். கடைக்காரர் கொடுத்தார். இரத்தினபுரியில் நீண்ட வாங்கில் எங்களைப் போலப் பலர் உட்கார்ந்திருந்தார்கள். கை இல்லாதவர், கண் தெரியாதவர். யாருக்கு எவ்வளவு மோசம் என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்களை விட மோசமானவர்களைப் பார்த்தபோது எனக்கு இரக்கத்துக்கு முன்னால் பயம் வந்தது. இவர்களைப் பார்த்த பிறகு டாக்டர் எங்களுக்கு எழுதிக் கொடுப்பாரா?

டாக்டர் இளம் வயதுக்காரர். சிங்களத்தில் மரியாதையாகப் பேசினார். எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இடுப்பை அழுத்தினார், காலை மடக்கினார், நீட்டினார். பிறகு, “கட்டை இல்லாம கொஞ்சம் நடந்து காட்டுங்க” என்றார்.

என் வீட்டுக்காரர் இரண்டு கட்டைகளையும் என்னிடம் தந்தார். மேசையைப் பிடித்து எழுந்து நின்றார். மேசையை விட்டார்.

நடந்தார்.

இடது கால் தரையில் இழுபட்டது. உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது. ஆனால் யாரும் பிடிக்காமல், எதையும் பிடிக்காமல் ஜன்னலைப் பார்த்து நடந்தார். கழுத்து நிமிர்ந்திருந்தது. இஸ்தோப்பில் கம்பத்துக்கும் கம்பத்துக்கும் நடுவில் அத்தனை நாளாகச் சிந்திய வியர்வையை அந்த டாக்டருக்குக் காட்டிவிட வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ. ஒரு வெள்ளைச் சட்டைக்காரர் நட என்றதும் நடந்து காட்டுகிற பழக்கமோ. டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “ஹா, நல்லா நடக்குறீங்களே” என்றார்.

அந்தக் காலுக்கு நான் எத்தனையோ நாள் எண்ணெய் தேய்த்திருக்கிறேன். மாரியம்மனுக்கு நேர்த்தி வைத்திருக்கிறேன். அப்படிப்பட்டவள் அந்த அறையில் நின்றுகொண்டு மனசுக்குள், விழுந்திருங்க, சாமி, விழுந்திருங்க என்று கும்பிட்டேன். கையிலிருந்த கட்டைகளை அவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தேன்.

ஜன்னல் வரைக்கும் போய், சுவரைத் தொடாமல் திரும்பினார். சிரித்த முகமாகத்தான் திரும்பினார். என்னைப் பார்த்தார். என் முகத்தில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. அவருடைய சிரிப்பு நின்றது. ஒரு எட்டு எடுத்து வைத்தார். இடது முழங்கால் மடிந்தது. முன்பக்கமாக விழுந்தார், அறையில் இருந்த ஒரு வாங்கின் விளிம்பில் புருவம் அடிபட்டது.

டாக்டர் ஓடிவந்து தூக்கினார். ரத்தம் என் வீட்டுக்காரருடைய வெள்ளைச் சட்டையில் சொட்டியது. நான் ஐயோ ஐயோ என்று கத்தினேன். கத்திக்கொண்டிருக்கும்போதே நெஞ்சுக்குள் ஏதோ இறங்கி ஆறியது. புருவத்துக்குத் தையல் போட்டார்கள். டாக்டர் பேனாவை எடுத்து எழுதினார்.

பஸ் ஸ்டாண்டில் அவர்தான் முதலில் பேசினார்.

“பசிக்குதா?”

“இல்லீங்க.”

“எனக்குப் பசிக்குது. ஒரு மாலுபாண் வாங்கு.”

மீன் வைத்த அந்த ரொட்டிப் பணிசை இரண்டாகப் பிய்த்து, மீன் கூடுதலாக இருந்த பாதியை எனக்குத் தந்தார். இந்த முறை நான் திருப்பித் தள்ளவில்லை. கஹவத்தை வந்து சேரும் வரைக்கும் அவர் கட்டைகளைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

காசு வருவதற்கு அடுத்த வருஷம் ஆகிவிட்டது. இடையில் அடையாள அட்டையிலும் தோட்டத்திலும் அவர் பேரின் எழுத்து வேறு வேறாக இருக்கிறது என்று ஒரு முறை எல்லாம் திரும்பி வந்தது. அந்த மழைக்காலத்தில் நாங்கள் ஒரு வேளை அடுப்போடு நாட்களை ஓட்டினோம். மகள் பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்தாள். டீச்சர் தேத்தண்ணியும் பணிசும் கொடுத்து அனுப்பினார். பணிசில் பாதியை அவள் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். கொழும்புக்கு அனுப்பியிருந்தால் பிள்ளை சாப்பிட்டாவது இருக்குமே என்று அன்றைக்கு நான் நினைத்தேன். சரியான முடிவு எடுத்தோம் என்ற நிம்மதி அந்த நாட்களில் எனக்கு ஒரு முறைகூட வரவில்லை.

காசு வந்த அன்று வங்கியிலிருந்து நேராக நோனா வீட்டுக்குப் போனோம். என் வீட்டுக்காரரும் வந்தார், முச்சக்கர வண்டியில். தன் கையால்தான் கொடுக்க வேண்டும் என்று நின்றார். நோனா எண்ணி வாங்கிக்கொண்டார். அந்த மாத வட்டியையும் விட்டுக்கொடுக்கவில்லை. பிறகு தேத்தண்ணி ஊற்றித் தந்தார். சுவரில் மாலை போட்ட மகனுடைய படம் இருந்தது. என் வீட்டுக்காரர் அதையே பார்த்துக்கொண்டு குடித்தார். “இனி வரமாட்டீங்க, என்ன” என்றார் நோனா. அது கேள்வியா, வருத்தமா என்று எனக்கு விளங்கவில்லை.

கடைக் கடனையும் தீர்த்து, கூரைத் தகரத்தில் இரண்டை மாற்றினோம். மிச்சம் சொற்பம். பதினேழு வருஷ உழைப்பு ஒரு வாரத்தில் முடிந்தது.

வட்டி கொடுக்க வேண்டியிராத முதல் சம்பள நாளில் கஹவத்தைச் சந்தைக்குப் போனேன். ஒவ்வொரு கடையாக விலை கேட்டேன். எதையும் வாங்கக் கை வரவில்லை. காசைக் கொடுத்தால் யாரோ வந்து கேட்பார்கள் போல இருந்தது. கடைசியில் ஒரு முழுத் தேங்காயும் மகளுக்குக் காலில் போட ஒரு சோடி சப்பாத்தும் வாங்கிக்கொண்டு, திருடியவள் மாதிரி பஸ் ஏறினேன். அந்தப் பயம் போக வருஷக்கணக்காகியது. முற்றாகப் போய்விட்டது என்று இன்றைக்கும் சொல்லமாட்டேன்.

என் வீட்டுக்காரருடைய கால் நாளாக ஆகத் தேறியது. ஒரு தடியோடு கடைவரைக்கும் போகிற அளவுக்கு வந்தார். ஆனால் தோட்டத்து ஐயாமார் யாராவது மோட்டார் சைக்கிளில் வரும் சத்தம் கேட்டால் அப்படியே பாதையோரம் உட்கார்ந்துவிடுவார். நடப்பதைப் பார்த்தால் காசைத் திருப்பிக் கேட்பார்கள் என்று அவருக்கு ஒரு பயம். அப்படியெல்லாம் கேட்கமாட்டார்கள் என்று பெரிய கிளாக்கரே சொன்னார். அவர் நம்பவில்லை.

மகள் சாதாரண தரப் பரீட்சை எழுதி, எம்பிலிப்பிட்டியவில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். பதினெட்டு வயது ஆன பிறகு, தன் விருப்பத்தோடு போனாள்.

அன்றைக்கு டாக்டரின் அறையில் அவருக்கு உண்மையாகவே கால் மடிந்ததா, என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தானாக விழுந்தாரா என்று நான் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை. புருவத்தில் தையல் போட்ட இடத்தில் முடி முளைக்கவில்லை. சவரம் செய்யும்போது அவர் கண்ணாடியில் அதைத் தடவிப் பார்ப்பார். நான் அடுப்படியில் ஏதாவது வேலை இருப்பதுபோல உள்ளே போய்விடுவேன்.